ஒரு ‘இல்லை’ போதும்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்கும்போது நான் பக்கத்தில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். நான் இருந்தால், “அவளா? தங்கமான பொண்ணு!” என்பார்கள். வரிசையில் நடுவில் புகுந்தவனையும், தராசுத் தட்டில் விரல் வைத்தவனையும் நான் இதுவரை சும்மா விட்டதில்லை. என் நாத்தனார் ஒருநாள் முடியைக் கத்தரித்துக்கொண்டு வந்து, “எப்படி இருக்கு அண்ணி?” என்று கேட்டாள். கேட்டாளே என்று உண்மையைச் சொன்னேன். ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.

அப்படிப்பட்ட நான், ஒரு சாம்பல் நிற அறைக்குள் நின்று, ஒரு மாதத்துக்கு மேல் தலையாட்டிப் பொம்மையாக இருந்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கே என் மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

அது ஒரு பெயிண்ட் கம்பெனி. கீழே ராட்சத அண்டாக்களில் பெயிண்ட் கலக்குவார்கள். மாடியில் எங்கள் அறை. நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வேலை. வேறு எந்த நிறமும் கண்ணைக் குழப்பிவிடக்கூடாது என்பதற்காக அங்கே சுவர் சாம்பல், மேஜை சாம்பல், நாங்கள் மாட்டிக்கொள்ளும் கோட்டும் சாம்பல். நடுவில் ஒரு பெரிய பெட்டி. உள்ளே விளக்கைப் போட்டால் பட்டப்பகல் வெளிச்சம் வரும். அதற்கு வெயில் பெட்டி என்று பெயர். அதற்குள் இரண்டு சின்னத் தகடுகளை ஒட்டினாற்போல் வைப்போம். ஒன்று, வாடிக்கையாளர் கேட்ட நிறம் பூசிய பழைய தகடு. இன்னொன்று, இன்று கீழே கலக்கிய பெயிண்டைப் பூசிய புதிய தகடு. ஐந்து பேரும் வரிசையாக நின்று பத்து வினாடி பார்ப்போம். பிறகு மூத்தவரில் தொடங்கி ஒவ்வொருவராக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒன்று “சரி”, இல்லாவிட்டால் “இல்லை”.

கம்பெனியை ஆரம்பித்த புண்ணியவான் ஒரு விதி எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஐந்தில் ஒரு ‘இல்லை’ விழுந்தாலும் போதும், மொத்தப் பெயிண்டும் திரும்பக் கலக்கப் போக வேண்டும். இன்னொரு வழக்கமும் உண்டு. புதிதாகச் சேர்ந்த ஆளை மூன்று மாதம் கழித்து அதே வெயில் பெட்டி பக்கத்தில் நிறுத்தி, மற்ற நான்கு பேரும் அதே மாதிரி வரிசையாகச் சொல்வார்கள். நான்கும் ‘சரி’ என்றால் வேலை நிரந்தரம்.

அந்த நிரந்தரத்துக்காகத்தான் நான் தவம் கிடந்தேன். பெண் பிறந்தபோது வேலையை விட்டவள். பன்னிரண்டு வருடம் கழித்துத் திரும்ப வேலை தேடியபோது, “இனிமே யாரு உனக்கு வேலை குடுப்பா?” என்று சொந்தம் மொத்தமும் சிரித்தது. சிரித்த ஒவ்வொரு முகமும் எனக்கு மனப்பாடம். வேலை கிடைத்த அன்று தேடிப் பிடித்து ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். நிரந்தரமானால் இன்னொரு சுற்று போடுவதாக இருந்தேன்.

வரிசையில் முதல் ஆள் தலைவர். இருபத்தெட்டு வருட சர்வீஸ். அவர் ஒரு வெள்ளைச் சட்டையைப் பார்த்தே அது எத்தனை தடவை துவைத்தது என்று சொல்வார் என்று பேச்சு. இரண்டாவது ஆளுக்குப் பெயர் புரொபசர். எந்தக் கல்லூரியிலும் பாடம் நடத்தியவர் இல்லை. ஒரு வார்த்தையில் முடிவதை ஒன்பது வார்த்தையில் சொல்வார் என்பதால் அந்தப் பட்டம். மூன்றாவது அக்கா. மானேஜர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அக்கா. நான்காவது ஒல்லி. பக்கவாட்டில் திரும்பி நின்றால் ஆள் இருப்பதே தெரியாது. கடைசியில் நான்.

முதல் மாதம் ஒரு வில்லங்கமும் இல்லை. கீழே கலக்குகிறவர்கள் கெட்டிக்காரர்கள். வந்த தகடெல்லாம் அச்சு அசலாக ஒத்துப்போனது. ஐந்து ‘சரி’ சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவோம். இதற்கு எதற்கு ஐந்து ஜோடிக் கண் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

இரண்டாவது மாதம் நீலம் வந்தது. பஸ் கம்பெனி ஒன்று தன் பஸ்களுக்கெல்லாம் புதுக் கதவு மாட்டுகிறது, அதற்கான நீலம். தகடுகளை வெயில் பெட்டிக்குள் வைத்தார்கள். பார்த்தேன். பழைய தகடு நீலம். புதிய தகடு நீலம்தான், ஆனால் குளத்துப் பாசியில் முக்கி எடுத்த மாதிரி பச்சை கலந்த நீலம். இதைச் சொல்ல நிபுணர் வேண்டாம். வாசலில் படுத்திருக்கும் நாயைத் தூக்கி வந்து காட்டினாலும் குரைத்திருக்கும்.

தலைவர், “சரி” என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். புரொபசர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “என் பார்வைக்கு எட்டியவரை, எந்தக் கோணத்துல பார்த்தாலும், சரி” என்றார். அக்கா, “சரிதான்” என்றாள். ஒல்லி, “சரி” என்றான். நான்கு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இருபத்தெட்டு வருடம் பார்த்த கண்ணுக்குத் தெரியாதது நேற்று வந்த எனக்குத் தெரியுமா? ஒருவர் தவறலாம், நான்கு பேருமா தவறுவார்கள்? வாயைத் திறந்தேன். உள்ளே ‘இல்லை’ இருந்தது, வெளியே வந்தது ‘சரி’. அதுவும் யாரோ என் தொண்டைக்குள் உட்கார்ந்து பேசின மாதிரி, கீச்சென்று.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் துண்டுகளையெல்லாம் எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். என் கணவர் பஸ் டிரைவர். ஷிப்ட் முடித்து வந்தவரைச் சட்டைகூடக் கழற்ற விடாமல் பிடித்துக்கொண்டேன்.

“என்னங்க, இந்தத் துண்டு என்ன கலர்?”

“நீ என்ன நினைக்கிற?”

“பச்சை மாதிரி இருக்கு.”

“பச்சையேதான்.”

“இல்ல, கொஞ்சம் நீலம் மாதிரியும் தெரியுது.”

“ஆமா, நீலம்தான். வெளிச்சத்துல பார்த்தா நல்லாத் தெரியுது.”

இந்த மனிதரிடம் கேட்பதும் ஒன்று, கண்ணாடியிடம் கேட்பதும் ஒன்று. ஆனால் விதியைப் பாருங்கள், அவர் ஓட்டுவது அதே பஸ் கம்பெனி வண்டிதான். இரண்டு வாரத்தில் அவருடைய பஸ்ஸுக்கும் புதுக் கதவு மாட்டிவிட்டார்கள். ஓடிப்போய் ஸ்டாப்பில் நின்று பார்த்தேன். பஸ் நீலம், கதவு பச்சை. வேறு எங்கேயோ கழன்று விழுந்த கதவைப் பொறுக்கி மாட்டிய மாதிரி இருந்தது. “கதவும் பஸ்ஸும் ஒரே கலராத் தெரியுதா உங்களுக்கு?” என்று டிரைவர் சீட் ஜன்னல் பக்கம் போய்க் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். “உனக்கு எப்படித் தெரியுது?” என்றார். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இரண்டு வார்த்தை கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். கண் போய்க்கொண்டிருக்கிறது என்றே முடிவு கட்டிவிட்டேன். நிரந்தரம் ஆகிற நேரத்தில் கண் போனால் வேலை போச்சு. அப்புறம் அந்தச் சொந்தக்காரர்கள் எனக்கு ஒவ்வொருவராகப் போன் போடுவார்கள். தக்காளியைக் காயா பழமா என்று அமுக்கிப் பார்த்துத்தான் எடுத்தேன். அறையில் நீலம் வரும்போதெல்லாம் மற்ற நான்கு பேரும் சொன்னதையே நானும் சொன்னேன், நாளுக்கு நாள் இன்னும் சத்தமாக.

இதற்கிடையில் பஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கதவு நிறம் பற்றிப் பயணிகள் ஏதோ சொல்கிறார்களாம். அடுத்த அண்டா நீலத்தை வெள்ளிக்கிழமை அவர்கள் ஆபீசர் நேரில் வந்து பார்ப்பாராம். அதே வெள்ளிக்கிழமைதான் எனக்கு மூன்று மாதம் முடிகிற நாள்.

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கண் டாக்டரிடம் போனேன். கம்பெனி வாசலுக்கு எதிரிலேயே ஒரு டாக்டர் இருக்கிறார். அங்கே போனால் யாராவது பார்த்துத் தொலைப்பார்கள் என்று இரண்டு ஸ்டாப் தள்ளி, ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த டாக்டரைப் பிடித்தேன். படியேறினதும் ஒரு மீன் தொட்டி, நாலு நாற்காலி. வேறு நோயாளியே இல்லை. டாக்டர் என் கண்ணில் விளக்கடித்தார், எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார், வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்களைக் கேட்டார். ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“கண்ணுல ஒரு குறையும் இல்லையே!” என்றார்.

“இல்ல டாக்டர், எனக்கு ஒரு சந்தேகம்...” என்று பையைத் திறந்தேன்.

“டிபன் பாக்ஸுக்குள்ள ரெண்டு தகடு வச்சிருக்கீங்களா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மைதான். உபரித் தகடுகள் இரண்டை டிபன் பாக்ஸில் ஒளித்துத்தான் எடுத்துப் போயிருந்தேன்.

“வெளிய எடுக்க வேணாம். இது நீலம், அது பச்சை கலந்த நீலம். எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. ‘நான் மட்டும்தான் வித்தியாசமாப் பார்க்கிறேன், மத்தவங்க எல்லாரும் ஒண்ணுன்னு சொல்றாங்க’, அதுதானே உங்க கம்ப்ளைண்ட்?”

“ஆ... ஆமா.”

“ஒரே மாசத்துல இதே டிபன் பாக்ஸோட நீங்க அஞ்சாவது ஆள்மா. அஞ்சு பேருக்கும் கண்ணு ஏ ஒன். உங்க ஆபீஸ்ல எல்லாரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கவே மாட்டீங்களா?”

படியில் இறங்கும்போது விரல் விட்டு எண்ணினேன். தலைவர், புரொபசர், அக்கா, ஒல்லி, நான். ஐந்துதான். ஒருமுறைக்கு மூன்று முறை எண்ணினேன். “அட பாவிகளா!” என்று நடுத் தெருவில் கத்தியேவிட்டேன். ஜெராக்ஸ் கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கும் சந்தோஷத்துக்கும் அளவே இல்லை. கண் இருக்கிறது! ஆனால் ஒரு மாதம் என்னைத் தக்காளி அமுக்க வைத்துவிட்டார்களே!

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். “அக்கா, இந்தப் பக்கம் நல்ல கண் டாக்டர் யாராவது இருக்காங்களா?”

டிபன் பாக்ஸை டப்பென்று மூடினாள். “எனக்கென்ன தெரியும்? எனக்கு இருக்கிறது கழுகுக் கண்ணு. டாக்டர் வாசலையே மிதிச்சதில்ல.” கை கழுவப் போனவள் அன்று முழுக்க என் பக்கமே திரும்பவில்லை. நானும் அதற்கு மேல் கிளறவில்லை. வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் கம்பெனி ஆபீசர் வந்தார். தடித்த மீசை, கையில் ஒரு பெரிய டைரி. அவரையும் ஒரு நாற்காலி போட்டு வெயில் பெட்டிக்கு எதிரில் உட்கார வைத்தார்கள். தகடுகள் உள்ளே போயின. புதுத் தகட்டில் பாசி இன்னும் ஒரு கை கூடியிருந்தது.

பத்து வினாடி. தலைவர், “சரி.”

“பலமுறை பரிசீலித்து, ஐயத்துக்கு இடமில்லாம, சரி” என்றார் புரொபசர்.

“சரிதான்.” இது அக்கா.

“சரி.” ஒல்லி.

நான் வாயைத் திறப்பதற்குள் ஆபீசர் முந்திக்கொண்டார். “ஆமாமா, எனக்கும் சரியாத்தான் தெரியுது. பயணிங்க வேலை இல்லாம எதையாவது சொல்வாங்க.” டைரியில் எழுதப் பேனாவைத் திறந்தார்.

“இல்லை” என்றேன்.

இந்தத் தடவை அது என் சொந்தக் குரல். நாத்தனாரிடம் பேசிய அதே குரல்.

“புதுசுல பச்சை இருக்கு. கொஞ்சநஞ்சம் இல்ல, அள்ளிக் கொட்டியிருக்கு. இதைப் போய் நீலம்னு சொன்னா கதவே சிரிக்கும்.”

முதலில் அசைந்தது ஒல்லி. “நான்கூட ‘சரியா?’ன்னு ஒரு கேள்வியாத்தான் கேட்டேன்” என்றான். அக்கா, “எனக்கு அப்பவே லேசாப் பச்சை அடிச்சுது. சொன்னா நல்லா இருக்காதேன்னு பார்த்தேன்” என்றாள். புரொபசர் குனிந்து பார்த்து, “நுணுக்கமா ஆராய்ந்தா ஒரு பசுமைச் சாயல்...” என்று இழுத்தார். ஆபீசர் பேனாவை மூடிவிட்டு, “இதைத்தானே நானும் ஆரம்பத்துல இருந்து நினைச்சேன்!” என்றார். அப்படியே அவர் தலையில் அந்த டைரியைப் போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

தலைவர் மட்டும் அசையவில்லை. “எந்தத் தைரியத்துலம்மா சொல்ற?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“கண் டாக்டர்கிட்ட போய்க் காட்டிட்டுத்தான் சொல்றேன்.”

“எந்த டாக்டர்?” என்றார்கள் நான்கு பேரும் ஒரே குரலில்.

“ரெண்டு ஸ்டாப் தள்ளி, ஜெராக்ஸ் கடை மாடி. படியேறினா ஒரு மீன் தொட்டி இருக்கும். மூணு மீன்.”

“ரெண்டுதானே” என்றார் தலைவர்.

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் அதற்குள் அக்கா, “மூணு சார். ஒண்ணு கல்லுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும்” என்றுவிட்டாள். “போன வாரம் நாலு இருந்துச்சு, ஒண்ணு செத்திருக்கும்” என்றான் ஒல்லி. “செத்தது மீன் இல்லை, அது தொட்டிக்குள்ள வச்ச பிளாஸ்டிக் அலங்காரம்” என்றார் புரொபசர். தன் பதினான்கு வருட சர்வீஸில் முதல்முறையாகச் சுற்றி வளைக்காமல் பேசினார். அந்த அறையில் நான்கு பேர் நான்கு விதமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகுதான் ஒவ்வொருவராக மற்றவர் முகத்தைப் பார்த்தார்கள். கையும் களவுமாக மாட்டிக்கொண்டதில் அசடு வழிய நின்றார்கள்.

“நான் புதன்கிழமை போனேன். ‘நீங்க அஞ்சாவது ஆள்’னு டாக்டர் சொன்னார். அஞ்சு பேருக்கும் கண்ணு ஏ ஒன்னாம்” என்றேன்.

தலைவர் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். பதினொரு மாதத்துக்கு முன்னால் நடந்ததை அப்போதுதான் சொன்னார். அன்று ஒரு தகடு வந்தபோது மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாராம். பார்க்காமலே ‘சரி’ என்றுவிட்டார். போனை வைத்துவிட்டுப் பார்த்தால் நிறம் ஒத்துப்போகவில்லை. திருத்திச் சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் வரிசையில் மற்றவர்கள் ‘சரி, சரி’ என்று அடித்துச் சொல்லிவிட்டார்கள்.

“இத்தனை பேர் கண்ணு பொய் சொல்லுமா? என் கண்ணுதான் போச்சுன்னு நினைச்சேன். வெளிய தெரிஞ்சா இருபத்தெட்டு வருஷ மானமும் போகும். அன்னையிலேர்ந்து எதைப் பார்த்தாலும் ‘சரி’. தப்பா இருந்தா நீங்க யாராவது சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

“நீங்க சொன்னீங்களேன்னுதான் சார் நாங்க சொன்னோம்!” என்றாள் அக்கா.

ஆக, அவர் பின்னால் நாங்கள், எங்கள் பின்னால் அவர். பதினொரு மாதமாகத் தகட்டை ஒருவரும் பார்க்கவில்லை. கீழே கலக்குகிறவர்கள் புண்ணியத்தில் கம்பெனி ஓடியிருக்கிறது. நீலப்பொடி ஒரு பீப்பாய் கெட்டுப்போய் வந்தது, வண்டவாளம் வெளியே வந்தது. அண்டாவைத் திரும்பக் கலக்க அனுப்பினார்கள். ஆபீசர் எல்லாருக்கும் கைகொடுத்துவிட்டுப் போனார். எனக்கு மட்டும் இரண்டு தடவை கொடுத்தார்.

சாயங்காலம் நான்கு மணிக்கு என் முறை. வெயில் பெட்டி பக்கத்தில் போய் நின்றேன். மிதப்பாகத்தான் நின்றேன் என்பதை மறைக்கவில்லை. கம்பெனி மானத்தைக் காப்பாற்றினவளை யார் வேண்டாம் என்பார்கள்? மத்தியானமே போன் போட வேண்டியவர்கள் பட்டியலை எழுதிவிட்டேன். பெரிய மாமா முதலில்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். “இத்தனை நாள் பார்க்காம சொன்னது போதும். இனிமே பார்த்துத்தான் சொல்லணும். இன்னைக்குக் கடைசி ஆள்லேர்ந்து ஆரம்பிக்கலாம்” என்றார்.

நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். பத்து வினாடியும் பார்த்தார்கள். நிஜமாகப் பார்த்தார்கள். பார்க்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான், இப்போது என்னையே பார்க்கிறார்களே! ஸ்பூனைக் கழுவாமல் வைத்ததற்கு ஒல்லியைக் கிழித்துத் தொங்கவிட்டது நினைவுக்கு வந்தது. அக்கா சொல்லும் ஜோக்கை நடுவிலேயே முடித்து வைத்தது நினைவுக்கு வந்தது. ஐயோ, இன்று ஒருநாள் மட்டும் பழைய மாதிரி தலையாட்டித் தொலையுங்களேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். தலையாட்டுவதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒல்லி வாழ்க்கையில் முதல்முறை முதலில் பேசினான். அக்காவைப் பார்த்தான், அக்கா மேலே ஃபேனைப் பார்த்தாள். “சரி” என்றான், பாதிக் குரலில்.

“சரி. ஆனா வாயி கொஞ்சம் நீளம்” என்றாள் அக்கா.

புரொபசர் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். “இல்லை” என்றார்.

“தப்பா எடுத்துக்காதம்மா. ரெண்டே ரெண்டு கேள்வி. புதன்கிழமை வரைக்கும் நீயும் எங்க மாதிரி ‘சரி’தானே சொன்ன?”

“ஆமா.”

“டாக்டர் ‘நீங்க அஞ்சாவது’ன்னு சொல்லாம இருந்திருந்தா, இன்னைக்குக் காலையில என்ன சொல்லியிருப்ப?”

‘நாங்கள் நான்கு பேரும் உள்ளுக்குள் உன் கட்சி என்று தெரிந்த பிறகுதானே நீ வாயைத் திறந்தாய்?’ என்று அவர் கேட்கவில்லை. கேட்கவே தேவையில்லை. காலையில் நான் தனியாக நின்று சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எங்கே தனியாக நின்றேன்? எண்ணிப் பார்த்துவிட்டு அல்லவா நின்றேன்!

“‘சரி’ன்னுதான் சொல்லியிருப்பேன்” என்றேன். என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கோபத்திலா வெட்கத்திலா என்று கேட்காதீர்கள்.

தலைவர் பெருமூச்சு விட்டார். “என்னைக் கேட்டா சரிதான். ஆனா விதி விதிதான்மா. ஒரு ‘இல்லை’ போதும். மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்க்கலாம்.”

கோட்டைக் கழற்றி மாட்டும்போது புரொபசர் பக்கத்தில் வந்து நின்றார். “என் சர்வீஸ்ல நான் சொன்ன முதல் ‘இல்லை’. அதுவும் உனக்கு” என்றார். “ஆரம்பிக்க உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா சார்?” என்றேன். “மன்னிச்சுக்கம்மா” என்றார். “மன்னிப்பெல்லாம் வேணாம், கேட்டது நியாயமான கேள்வி” என்று கத்திவிட்டு வந்தேன். நியாயமாக இருந்ததுதான் எனக்கு ஆற்றாமை. பட்டியலைப் பஸ்ஸிலேயே கிழித்துப் போட்டேன். அந்தப் பஸ்ஸுக்கும் பச்சைக் கதவு.

வீட்டில் தட்டு வைத்துக்கொண்டே நடந்ததையெல்லாம் கொட்டினேன். என் கணவர், “அநியாயம்! அந்த ஆளுக்கு என்ன திமிர்!” என்றார்.

“அவர் சொன்னது சரிங்க.”

“யோசிச்சுப் பார்த்தா அவர் சொன்னதும் சரிதான்” என்றார், ஒரு நொடி தாமதிக்காமல்.

கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. இந்த ‘சரி’யை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன். மூன்று மாதமாகத் தினமும் எட்டு மணி நேரம் கேட்ட அதே ‘சரி’. கரண்டியைக் கீழே வைத்தேன்.

“உங்க பஸ் கதவு என்ன கலர்?”

“நீ என்ன...”

“நான் எதுவும் நினைக்கல. நீங்க சொல்லுங்க.”

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். “பச்சை. மாட்டின முதல் நாள்லேர்ந்து பச்சைதான். டிப்போ முழுக்கச் சொல்லிச் சிரிச்சாங்க.”

“அன்னைக்கு ஸ்டாப்புல வந்து கேட்டேனே, ஏன் சொல்லல?”

“நீ கேட்டப்போ நான் உன் மூஞ்சியைப் பார்த்தேன். கதவைப் பார்க்கல.”

பதினைந்து வருடமாக இந்த வீட்டில் நான் கேட்ட ஒவ்வொரு ‘சரி’யும் வரிசையாக வந்து என் முன்னால் நின்றது. திரை போட்டபோது சொன்ன சரி, பெண்ணுக்கு ஸ்கூல் பார்த்தபோது சொன்ன சரி, இந்தப் பக்கம் கட்டில், அந்தப் பக்கம் பீரோ என்று நான் நகர்த்தியபோதெல்லாம் சொன்ன சரி. அங்கே ஒரு தலைவரைப் பார்த்து அப்படிக் கொதித்தேனே, இங்கே வரிசையில் முதல் ஆள் யார்? “சரி, விடுங்க. சாப்பாட்டுல உப்பு எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

“தட்டைப் பாருங்க” என்றேன்.

குனிந்து தட்டைப் பார்த்தார். ஒரு வாய் எடுத்து, வழக்கம்போல் விழுங்காமல் மென்றார். பத்து வினாடி ஆகியிருக்கும்.

“கம்மி” என்றார்.

“ஆமாம்மா, எனக்கும் ரொம்ப நாளா அப்படித்தான் தோணுது!” என்றாள் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் பெண், கண்ணிமைக்கும் நேரத்தில்.

எழுந்து போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். மூன்று பேரும் போட்டுக்கொண்டோம்.